பிக்கப்பை உயர்த்தினால் எந்த அளவு டயர்? பெங்களூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பெங்களூரில் இசுசு வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்திவிடுகிறார்கள். உயர்த்தியதும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிகிறது. அதை நிரப்ப வேண்டுமென்று ஜே.சி. ரோடு பக்கம் போய், கடையில் இருப்பதிலேயே பெரிய டயரை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு வாரம் கழித்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் எதுவோ உரசுகிறது என்று மெக்கானிக்கைத் தேடுகிறார்கள்.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த டயர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த டயருக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் வண்டியை உயர்த்துங்கள். சிலருக்கு உயர்த்த வேண்டிய அவசியமே இருக்காது. ஏற்கெனவே உயர்த்திவிட்டீர்கள் என்றாலும் கீழே உள்ள கணக்குகள் அப்படியே பொருந்தும்.

வண்டி எங்கே ஓடுகிறது?

வாரத்தில் ஐந்து நாள் அவுட்டர் ரிங் ரோடு, சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி. மாதம் ஒருமுறை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரிக்கோ சேலத்துக்கோ ஊருக்குப் போய் வருவது. வருடத்தில் சில தடவை சக்லேஷ்பூர் காபித் தோட்டத்து மண் பாதை, அல்லது அஞ்செட்டி பக்கம் ஒரு சுற்று. பெங்களூர்த் தமிழர்களின் பிக்கப் பயன்பாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு தார் ரோடும் கான்கிரீட் ரோடும்தான்.

இப்படி ஓட்டுபவருக்கு மட் டெரெய்ன் டயர் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பெரிய பட்டன்களுக்கு நடுவே அகலமான பள்ளம் இருப்பதால் சேற்றில் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவு. மழையில் வழவழப்பான கான்கிரீட் ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் சத்தம் காதை அடைக்கும். தேய்மானமும் வேகமாக இருக்கும். ஆல் டெரெய்ன், அதாவது ஏ.டி. டயர், உங்கள் மண் பாதைகளுக்குத் தாராளமாகப் போதும். முழுக்க ஹைவேயில்தான் ஓட்டம் என்றால் கம்பெனி கொடுத்த எச்.டி., அதாவது ஹைவே டெரெய்ன், டயரே மழையில் இன்னும் நன்றாக நிற்கும்.

டயரின் ரகத்தை மாற்றுவது வேறு, அளவை மாற்றுவது வேறு. புதியவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கம்பெனி அளவிலேயே நல்ல ஏ.டி. டயர் போட்டால் பெரும்பாலானவர்களுடைய தேவை அங்கேயே முடிந்துவிடும். உரசல் இல்லை, ஸ்பீடோமீட்டர் மாறாது, சட்டச் சிக்கலும் இல்லை. இதற்கு மேலும் பெரிதாக வேண்டும் என்பதற்கு உங்களிடம் காரணம் இருந்தால் மட்டும் அடுத்த கணக்குக்கு வாருங்கள்.

அளவைப் படித்துக் கணக்குப் போடுவது

255/60 ஆர்18 என்று டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும். 255 என்பது அகலம், மி.மீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம். அந்த அகலத்தில் 60 சதவீதம் என்று பொருள். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

மொத்த விட்டம் இப்படி வரும். 255-இல் 60 சதவீதம் 153 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், ஆக 306. ரிம் 18 அங்குலம் என்றால் 457.2 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 763 மி.மீ. வி-கிராஸின் 18 அங்குல வண்டிகளில் வரும் டயர் இதுதான். 16 அங்குல வண்டிகளில் 245/70 ஆர்16 வரும்; அதன் விட்டம் 749 மி.மீ. ஹைலக்ஸில் 265/65 ஆர்17, 265/60 ஆர்18 என இரண்டு அளவு. முதலாவது 776, இரண்டாவது 775. ரிம் மாறினாலும் மொத்த விட்டம் மாறாதபடி கம்பெனியே எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது வி-கிராஸ்காரர் ஒருவர் 265/60 ஆர்18 போட நினைக்கிறார். விட்டம் 775, 12 மி.மீ. கூடுதல், ஏறக்குறைய 1.6 சதவீதம். இன்னொருவர் 265/65 ஆர்18 கேட்கிறார். விட்டம் 802, 5 சதவீதம் கூடுதல். ஹைலக்ஸின் 265/65 ஆர்17-க்குப் பதில் 265/70 ஆர்17 என்றால் 803, அதாவது 3.4 சதவீதம். 285/70 ஆர்17 என்றால் 831, 7 சதவீதம்.

டயர் கடைகளில் பொதுவாக 3 சதவீதத்தை எல்லையாகச் சொல்வார்கள். நல்ல எல்லைதான். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் எந்த அளவு வரை போகலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

5 சதவீதம் பெரிய டயரில் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, முன்பு ஓடியதைவிட 5 சதவீதம் வேகமாக வண்டி ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி மீட்டர்கள் வழக்கமாக உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டித்தான் காட்டும். அதனால் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும், 5 அடங்காது. ஓடிய தூரமும் குறைத்தே பதிவாகும். மீட்டரில் 10,000 கி.மீ. என்றால் உண்மையில் ஓடியது 10,500. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பயங்கரமாக விழுந்துவிட்டது என்று புலம்புபவர்கள் பலர் இந்தத் திருத்தத்தைப் போடாமலேயே கணக்குப் பார்த்திருப்பார்கள். உண்மையிலேயே கொஞ்சம் விழும். மீட்டர் காட்டும் அளவுக்கு விழாது.

இழுவையும் அதே 5 சதவீதம் குறையும். எல்லா கியரும் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்ட மாதிரி நடந்துகொள்ளும். சமவெளியில் தெரியாது. மாதேஸ்வரன் மலையில் நான்கு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது தெரியும். டயரின் எடை கூடுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. தடித்த எல்.டி. (லைட் டிரக்) டயர் கம்பெனி டயரைவிடச் சக்கரத்துக்குச் சில கிலோ அதிகம் இருக்கும். சுற்றுகிற எடை என்பதால் பிக்கப் கிளம்பும்போதும் சரி, பிரேக் பிடிக்கும்போதும் சரி, பெட்டியில் வைத்த எடையைவிட அது அதிகமாக உறைக்கும்.

லிஃப்ட் எதைத் தருகிறது, எதைத் தராது

இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் வண்டியின் உடம்பையும் சேஸியையும் உயர்த்துகிறது. பின் ஆக்சிலை உயர்த்துவதில்லை. நம் ஊர் பிக்கப்புகளில் பின்னால் கமான் பட்டையில் கட்டிய முழு ஆக்சில். நடுவில் டிஃபரன்ஷியல் என்ற கியர்ப் பெட்டி உருண்டையாகத் தொங்குகிறது. பாதை நடுவே நிற்கும் கல்லில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அந்த உருண்டைதான். எவ்வளவு லிஃப்ட் போட்டாலும் அது இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி மட்டும். 265/65 ஆர்18 போட்ட வி-கிராஸில் 38 மி.மீ. விட்டம் கூடுகிறது, டிஃபரன்ஷியலுக்குக் கீழே கிடைப்பது 19 மி.மீ. 265/60 ஆர்18 போட்டால் வெறும் 6 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்சுக்காக என்று சொல்லிச் செலவு செய்கிறவர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

அடுத்தது, லிஃப்ட் போட்டால் டயருக்கு இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இடம் தெரிவது உண்மைதான். ஆனால் பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது சக்கரம் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அமுக்கத்தின் எல்லையில் நிறுத்தும் ரப்பர் கட்டையில், போய் முட்டும்வரை மேலே ஏறும். லிஃப்ட் போடுவதற்கு முன்பும் அது வரைதான் ஏறியது. பிறகும் அது வரைதான் ஏறும். பம்ப் ஸ்டாப்பை நீட்டாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால், முழு அமுக்கத்தில் டயருக்குக் கிடைக்கும் இடம் ஒரு மி.மீ. கூடக் கூடியிருக்காது. ஷோரூம் வாசலில் இரண்டு விரல் நுழைகிறது என்று பார்த்துத் திருப்திப்படுவதால் எந்தப் பயனும் இல்லை. சர்ஜாப்பூர் ரோட்டுப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

உரசல் எங்கே வரும் என்று தெரிந்திருந்தால் தேடுவது எளிது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் முன் விளிம்பு பம்பரின் உள்பக்க பிளாஸ்டிக்கிலும், பின் விளிம்பு கேபினைத் தாங்கும் பிராக்கெட் அல்லது மட்ஃபிளாப் பக்கமும் போகும். அகலமான டயரென்றால் உள்பக்கம், சக்கரத்தை சேஸியோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மிலும் படலாம். பிளாஸ்டிக் லைனரில் லேசாகத் தொட்டால் ஹீட் கன் வைத்து உள்ளே தள்ளிவிடலாம், அது சின்ன வேலை. இரும்பில் தொட்டால் அந்த டயர் வேண்டாம். வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

லிஃப்ட் எவ்வளவு? இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. என்பது இந்த வண்டிகளுக்கு நியாயமான உச்சம் என்பது என் முடிவு. அதற்கு மேல் போனால் முன் டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட்டுகள் அதிகக் கோணத்தில் சுழன்று ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து ஹைவேயில் ஸ்டியரிங் அலையும். மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும். ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்துக்கொண்டு வரும்.

பார்க்கிங்கையும் மறக்காதீர்கள். வண்டியே 1.8 மீட்டருக்கு மேல் உயரம். 50 மி.மீ. லிஃப்ட், 19 மி.மீ. டயர், மேலே ஒரு ரூஃப் ரேக் என்று சேர்த்தால், 2.1 மீட்டர் போர்டு வைத்த மால் பேஸ்மென்ட்டில் உள்ளே போவதற்கு முன் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தண்ணீர்க் குழாய்கள் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்பதை லிஃப்ட்டுக்கு முன்பே டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

ரிம்மும் ஆஃப்செட்டும்

டயர் உரசுவதற்கு விட்டத்தைப் போலவே ரிம்மும் காரணம். ரிம்மின் உள்பக்கம் 7.5ஜே என்பது போல ஓர் எண்ணும், ஈ.டி. என்று போட்டு இன்னோர் எண்ணும் அச்சாகியிருக்கும். முதலாவது ரிம்மின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீட்டரில். ஆஃப்செட் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி உட்காரும். பார்ப்பதற்கு அகலமாக, ஸ்டைலாக இருக்கும். ஆனால் ஸ்டியரிங் ஒடிக்கும்போது வெளியே தள்ளிய சக்கரம் பெரிய வட்டமாகச் சுற்றி, முன்பு தொடாத பம்பரைத் தொடும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், கதவெல்லாம் சேறு அடிக்கும்.

அதனால் முதல் முறை மாற்றும்போது கம்பெனி ரிம்மையே வைத்துக்கொள்ளுங்கள். 7.5 அங்குல ரிம்மில் 265 அகலம் வரை சரியாக உட்காரும். வேறு ரிம் வாங்கத்தான் வேண்டும் என்றால், இரண்டு வண்டிகளுக்கும் ஆறு நட், 139.7 மி.மீ. வட்டம் என்பது ஒன்றே என்று கடையில் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் நடுத்துளையின் அளவு வேறு. ஹப்பில் கச்சிதமாக உட்காராத ரிம் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை நடுங்க வைக்கும். நட்டின் உட்காரும் வடிவமும் பொருந்த வேண்டும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் வளையம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுவது வேண்டவே வேண்டாம்.

சுமை எண்

அளவுக்குப் பக்கத்தில் 112எஸ் என்பது போல ஒன்று இருக்கும். 112 என்பது லோடு இண்டெக்ஸ்; ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 109 என்றால் 1,030, 116 என்றால் 1,250. எஸ் என்பது வேகக் குறி, மணிக்கு 180 கி.மீ. வரை. கியூ என்றால் 160.

கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உங்கள் வண்டிக்கான சுமை எண் இருக்கும். புதிய டயர் அதற்குக் கீழே போகவே கூடாது. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், பலாப்பழம் எல்லாம் பின்னால் ஏறும், அந்தச் சுமை முழுக்கப் பின் டயர்கள் மேல்தான். பார்க்கப் பெரியதாக இருக்கிற டயர் அதிகம் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

எல்.டி. என்ற எழுத்தோடு தொடங்கும் டயர்களில் ஒரு சூட்சுமம். அவற்றின் சுமை எண் 121 என்று பெரிதாக இருக்கும், ஆனால் அந்த முழுச் சுமையைத் தாங்க மிக அதிகக் காற்று வேண்டும். கம்பெனி ஸ்டிக்கரில் உள்ள அதே காற்றை அதில் பிடித்தால் பழைய டயர் தாங்கியதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையை டீலரிடம் கேட்டு, அதன்படி காற்றைக் கூட்டுங்கள். கூட்டியது சரிதானா என்று பார்க்க, டயரின் முகத்தில் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, சமமான ரோட்டில் நேராகக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

சட்டமும் இன்சூரன்சும்

இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரும். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு.

ஆகவே மிகப் பாதுகாப்பான வழி, உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவுக்குள் நிற்பது. அதைத் தாண்டுவதாக இருந்தால் லிஃப்ட்டையும் டயரையும் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் வந்து டயர் அளவைப் படம் எடுக்கும் நேரத்தில் இதைப் பேசிப் பயனில்லை. மஞ்சள் போர்டு வண்டியென்றால் எஃப்.சி.க்குப் போகும்போதும் கேள்வி வரும்.

கடையில்

2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் அபூர்வமான அளவுகளை இன்று வாங்கிவிட்டாலும், அடுத்த வருடம் ஒன்று கிழிந்தால் அதே டயர் கிடைக்கும் என்று உறுதியில்லை. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் நான்கு டயரும் ஒரே விட்டத்தில் இருப்பது கட்டாயம். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் ஃபோர் வீலில் போடும்போது, முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கொள்ளும். ஆகவே பெங்களூரிலும் சேலத்திலும் எளிதாகக் கிடைக்கிற அளவையே தேர்ந்தெடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் ஒரே காலத்தில் தயாரானதாகக் கேட்டு வாங்குங்கள்.

நான்கையும் மாட்டுவதற்கு முன் முன்பக்கம் ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லுங்கள். அந்தச் சக்கரத்தை உயரமான நடைபாதை ஓரத்திலோ மரக்கட்டையிலோ ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். ஒரு விரல் இடமாவது எங்கும் இருக்க வேண்டும். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுத்தால் ஜே.சி. ரோட்டில் அடுத்த கடைக்கு நடந்து போகலாம். பல கடைகளில் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம்.

மாட்டிய பிறகு பேலன்சிங், அலைன்மென்ட். லிஃப்ட் புதிதென்றால் ஸ்பிரிங்குகள் படிந்து உட்காரச் சில நூறு கி.மீ. ஆகும், அதன் பிறகு இன்னொரு முறை அலைன்மென்ட் பார்க்க வேண்டும். வீல் நட்டுகளை 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரென்ச்சில் மறுபடி இறுக்குங்கள்.

ஸ்டெப்னி விஷயம் பலருக்கும் ரோட்டில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. பெட்டிக்கு அடியில் தொங்கும் இடத்தில் பெரிய டயர் நுழைகிறதா, சைலன்சர் குழாயில் இடிக்கிறதா என்று வாங்கும் அன்றே ஏற்றிப் பாருங்கள். பழைய அளவு ஸ்டெப்னியை வைத்துக்கொண்டால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம். ஃபோர் வீலில் போடக் கூடாது. கம்பெனி ஜாக்கியும் உயர்த்திய வண்டிக்கு எட்டாமல் போகலாம். சேஸியில் வைத்தால் சக்கரம் தரையைவிட்டு எழாது. ஆக்சிலுக்கு அடியில் வைக்க வேண்டியிருக்கும், அல்லது உயரமான பாட்டில் ஜாக்கி ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அஞ்செட்டிக் காட்டுக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில், ஒரு பின் சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.